பழகிய சொல்லும் பழைய பொருளும்

பழைய ஆங்கில நாவல்களைக் கற்கத் தொடங்கும் மாணவர் சிலர், அவற்றின் நடை கடினமானது என்று கூறி விலக்கிவிடுகின்றனர். அறியாத சொற்கள் மிகுந்திருப்பதே அதற்குக் காரணம் என்பது அவர்கள் கருத்து. ஆனால், அறியாத சொல் நம்மை ஏமாற்றுவதில்லை. அது நம்மை அகராதியைத் தேடச் செய்கிறது. நாம் நன்கறிந்ததாக எண்ணும் சொல்லே நம்மை வழி தவறச் செய்கிறது. முன்பு நறுமணத்தைக் குறித்த 'நாற்றம்' என்னும் சொல் இன்று தீய மணத்தைக் குறிக்கிறது. இத்தகைய மாற்றங்கள் ஆங்கிலத்திலும் பல உண்டு.

ஜேன் ஆஸ்டின் எழுதிய 'பிரைடு அண்ட் பிரெஜுடிஸ்' 1813-இல் வெளிவந்தது. அதில் வரும் காலின்ஸ் என்னும் பாதிரியார், தம்மை ஆதரிக்கும் கேதரின் சீமாட்டியை ஓயாது புகழ்கிறார். சீமாட்டியிடம் 'கண்டிசென்ஷன்' என்னும் பண்பு மிகுதி என்பது அவர் பாராட்டு. இன்று அச்சொல், பிறரைத் தாழ்வாக எண்ணி நடத்தும் இறுமாப்பைக் குறிக்கும். அக்காலத்தில், உயர்ந்தோர் தம் நிலையினின்று இறங்கி எளியோரிடம் இன்முகம் காட்டுதலைக் குறித்தது. இன்றைய பொருளைக் கொண்டால், காலின்ஸ் தம் புரவலரையே பழித்தவராவார். அன்றைய பொருளை அறிந்தால், செருக்கு மிக்க ஒருவரைப் பணிவுடையவர் என்று போற்றும் பேதைமை விளங்கும், நகைச்சுவையும் விளங்கும்.

அந்நாவலில் ஜேன் என்னும் மூத்த மகளின் இயல்பைச் சுட்டக் 'கேண்டர்' என்னும் சொல் வருகிறது. இன்று அது ஒளிவுமறைவின்றிப் பேசுதலைக் குறிக்கும். அன்று, பிறரிடம் குற்றம் காணாத நல்லுள்ளத்தையும் குறித்தது. சாமுவேல் ஜான்சன் 1755-இல் வெளியிட்ட அகராதி, இனிய இயல்பு, அன்பு ஆகியவற்றையும் அதன் பொருள்களாகத் தருகிறது. இதை அறியாதவர், எவரையும் பழிக்கத் தெரியாத ஜேனைத் துடுக்காகப் பேசும் பெண்ணாக எண்ணிவிடுவர். ஒரு சொல்லைப் பிழைபடக் கொண்டால் ஒருவரின் குணமே திரிந்துவிடுகிறது.

இவ்விடர் நீங்க, அந்நாவல்களை இன்றைய ஆங்கிலத்தில் மாற்றி எழுதிவிடலாம் என்பாரும் உளர். அது நன்றன்று. 1861-இல் நூலாக வெளிவந்த சார்லஸ் டிக்கன்ஸின் 'கிரேட் எக்ஸ்பெக்டேஷன்ஸ்' என்னும் நாவலைக் காண்போம். அப்பெயரின் இரண்டாம் சொல் எதிர்பார்ப்பைக் குறிப்பது. அக்காலத்தில், பிறர் சொத்து ஒருவருக்கு வந்துசேரும் வாய்ப்பையும் குறித்தது. பிப் என்னும் ஏழைச் சிறுவனை வந்தடையும் செல்வ வாய்ப்பும், அதனால் அவன் உள்ளத்தில் வளரும் ஆசைகளும் அவ்வொரு சொல்லில் அடங்கியுள்ளன. மாற்றி எழுதுவோர் ஒன்றைக் காக்க மற்றொன்றை இழப்பர்.

ஆகவே, நூலை மாற்றுதல் வேண்டா. படிக்கும் முறையை மாற்றுதலே தக்கது. ஒரு கூற்று அதைக் கூறுவோரின் இயல்புக்குப் பொருந்தவில்லையெனில், ஆசிரியரைக் குறை கூறுமுன் சொல்லை ஐயுறுதல் வேண்டும். 1884 முதல் பகுதி பகுதியாக வெளிவந்து 1928-இல் நிறைவுற்ற ஆக்ஸ்போர்டு பேரகராதி, ஒவ்வொரு பொருளும் எக்காலத்தில் வழங்கியது என்பதை ஆண்டுடன் கூடிய மேற்கோள்களால் காட்டுகிறது. அதனை நாடுதல் நலம்.

மறைந்த ஆசிரியர் மீண்டும் வந்து தம் கருத்தை விளக்க இயலாது. அவர் சொல்லை அவர் கருதிய பொருளிலேயே கொள்ளுதல், கற்பவர் அவருக்குச் செய்யும் நீதியாகும்.