விடுமுறையும் வழிபாடும்

இலங்கை அரசு ஆண்டுதோறும் வெளியிடும் விடுமுறை அட்டவணையை அயல்நாட்டார் ஒருவர் நோக்குவாராயின், இந்நாட்டிலே சமயப் பொறை தழைத்தோங்குகின்றது என்றே எண்ணுவார். பௌத்தர்க்கு மாதந்தோறும் பூரணை. சைவர்க்கு மகா சிவராத்திரியும் தீபாவளியும். கிறிஸ்தவர்க்குப் பெரிய வெள்ளியும் நத்தாரும். இஸ்லாமியர்க்கு இரு பெருநாள்களும் நபிகள் பிறந்த நாளும் அதில் உள. ஆயின், நாளைக் கொடுத்தல் ஒன்று, அந்நாளிலே வழிபட விடுதல் மற்றொன்று என்பதை வன்னியில் வாழும் நாம் அனுபவத்தால் அறிவோம்.

வவுனியா வடக்கிலே, நெடுங்கேணிக்கு அணித்தாகிய ஒலுமடுப் பகுதியில் உள்ளது வெடுக்குநாறி மலை. ஆங்கு எழுந்தருளியுள்ள ஆதிசிவனை ஊரவர் வழிவழியாக வழிபட்டு வருகின்றனர். தொல்பொருள் திணைக்களமோ அம்மலை தன் காவலுக்குரியது என்கின்றது. 2024 மார்ச் 8 மகா சிவராத்திரி. அரசு விடுமுறை நாள். அன்று மாலை ஆறு மணிக்குப் பின் ஆங்கே இருத்தல் ஆகாதென்று பொலிசார் அடியார்களை அகற்றினர். எண்மர் கைதாகி விளக்கமறியலில் வைக்கப்பட்டனர். மார்ச் 19 அன்று வவுனியா நீதவான் நீதிமன்றம் அவர்களை விடுவித்தது.

சிவராத்திரி என்னும் சொல்லிலேயே இரவு அடங்கியுள்ளது. நான்கு யாமமும் கண்விழித்துப் பூசித்தலே அவ்விரதத்தின் உயிர். மாலை ஆறு மணியோடு கலைந்து போங்கள் என்றல், விரதம் தொடங்குமுன்னே அதனை முடித்துவிடுங்கள் என்பதை ஒக்கும். பகலை விடுமுறையாக்கிய அரசே இரவை விலக்கிற்று. தொல்பொருளைக் காத்தல் அரசின் கடன் என்பதை யான் மறுக்கவில்லை. பழங்கல் சிதைந்தால் இழப்பு எல்லோர்க்கும் உரியது. ஆனால், அக்கடனை ஆலயத்தாரோடு முன்னரே கலந்து பேசி நிறைவேற்றலாம். பூசை நடுவே புகுந்து நிறைவேற்ற வேண்டுவதில்லை.

நான்காம் வேற்றுமையைக் கற்பிக்கும்போது, குவ்வுருபு கொடைப்பொருளிலும் வரும், பகைப்பொருளிலும் வரும் என மாணவர்க்கு உரைப்பது எம் வழக்கம். அட்டவணையிலே அடியார்க்குக் கொடையாய் நின்றது, மலையடியிலே அடியார்க்குப் பகையாய் முடிந்தது.

நிற்க. சமய விடுமுறை கேட்டு நின்ற துயரம் பௌத்தர்க்கும் புதியதன்று. ஆங்கிலேயர் ஆட்சியிலே வெசாக் நாள் விடுமுறை நாளாக இருக்கவில்லை. அவர்கள் முறையிட்டு முயன்றதன் பயனாக 1885இல் அது கிடைத்தது. நீதியான கோரிக்கை அது. ஆயின் பின்னர் நிகழ்ந்தது வேறு. 1965ஆம் ஆண்டின் விடுமுறைச் சட்டத்தால், 1966 தொடக்கம் ஞாயிறு வாராந்த விடுமுறை என்னும் நிலையை இழந்தது. போயா நாள்கள் அவ்விடத்தைப் பெற்றன. ஞாயிறு வழிபாட்டுக்குரிய கிறிஸ்தவர் பலர் அந்நாளிலே அலுவலகம் செல்ல வேண்டியவராயினர். டட்லி சேனநாயக்காவின் அவ்வாட்சியிலே தமிழரசுக் கட்சியும் பங்காளியாக இருந்தது என்பதை நாம் மறைத்தல் தகாது. 1971இல் ஞாயிறு மீண்டது. ஒரு சமயத்தார்க்குக் கொடுக்கும்போது மற்றொரு சமயத்தாரிடமிருந்து எடுத்தல் கொடையாகாது என்பதற்கு அவ்வைந்தாண்டு போதிய சான்று.

அங்ஙனமாயின், அரசு சமய விடுமுறைகளை அறவே ஒழித்தல் வேண்டுமோ? வேண்டுவதில்லை. பிரான்சு தேசம் 1905இல் திருச்சபையையும் அரசையும் சட்டத்தாற் பிரித்தது. ஆயினும் நத்தாரும் விண்ணேற்றத் திருநாளும் இன்றும் ஆங்கு விடுமுறை நாள்களே. மக்கள் ஓய்ந்திருக்கும் நாளைக் குறித்தல் பிரிவினைக்கு முரணன்று. அந்நாளில் எவர், எங்கே, எவ்வளவு நேரம் தொழலாம் என்பதை ஒரு சமயத்தார்க்கு ஒருவாறும் மற்றொரு சமயத்தார்க்கு வேறொருவாறும் வகுத்தலே முரண்.

அரசின் பணி யாது என்பதற்கு நம் அயலிலேயே எடுத்துக்காட்டு உண்டு. வைகாசியில் வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் பொங்கலுக்கும், ஓகஸ்ட் 15இல் மடு அன்னையின் திருவிழாவுக்கும் மக்கள் வெள்ளம் திரள்கின்றது. ஆங்கே வேண்டப்படுவன பேருந்தும் குடிநீரும் மருத்துவ உதவியும் நெரிசல் நேராத காவலுமே. இவற்றைச் செய்யும் அரசுக்கு அடியார் எச்சமயத்தவர் என்று வினவும் தேவை இல்லை. வெசாக் பந்தலுக்கும் இதே அளவுகோல் பொருந்தும்.

1978ஆம் ஆண்டின் அரசியலமைப்பு, 9ஆம் உறுப்புரையிலே பௌத்தத்துக்கு முதன்மைத் தானம் அளிக்கின்றது. அவ்வுறுப்புரையே ஏனைய சமயத்தவரின் உரிமைகளையும் உறுதி செய்கின்றது. தனித்தோ பிறரோடு கூடியோ, பகிரங்கமாகவோ அந்தரங்கமாகவோ வழிபடும் சுதந்திரத்தை 14ஆம் உறுப்புரை ஒவ்வொரு பிரசைக்கும் வழங்குகின்றது. மாணவர்க்குத் தேசிய விடுமுறைகளை வரிசைப்படுத்திக் கற்பிக்கும் ஆசிரியர்கள், இவ்வுறுப்புரையையும் உடன்வைத்துக் கற்பிப்பாராக. சிவராத்திரி எத்திகதியில் வருகின்றது என்பதோடு, அவ்விரவில் விழித்திருக்கும் உரிமை எச்சட்டத்தால் வந்தது என்பதையும் நம் பிள்ளைகள் அறிந்திருத்தல் வேண்டும்.