போட்டோ மட்டும் போதுமா?

காட்டில் மரத்தில் கட்டிவைக்கும் தானியங்கிக் கேமராவைப் பற்றி இப்போது அடிக்கடி படிக்கிறோம். உடம்பில் சூடுள்ள ஏதாவது எதிரே நடந்தால் தானாகவே படம் எடுத்துக்கொள்ளும். நல்ல சாதனம்தான். ஆனால் ஒரு படம் கிடைத்தவுடன் "புதிய மர்ம விலங்கு" என்று அறிவித்துவிடுகிறார்களே, அந்த அவசரம்தான் எனக்குப் பிடிப்பதில்லை.

போர்னியோ தீவில் நடந்ததைச் சொல்கிறேன். 2003-ல், இந்தோனேசியப் பகுதியில் உள்ள கயான் மென்தராங் தேசியப் பூங்காவில், கேமராவில் இரண்டே படங்கள் விழுந்தன. பூனையைவிடச் சற்றுப் பெரிது, சிவந்த நிறம், நீளமான வால். உள்ளூர் ஆட்களிடம் காட்டினார்கள், யாருக்கும் தெரியவில்லை. 2005 டிசம்பரில், இது புதிய ஊனுண்ணியாக இருக்கலாம் என்று உலக வனவிலங்கு நிதியம் அறிவித்தது. உலகமெங்கும் பத்திரிகைகளில் வந்தது. அடுத்த வருஷமே மூன்று ஆய்வாளர்கள், அதன் உருவ அமைப்பை ஏற்கெனவே தெரிந்த விலங்குகளோடு ஒப்பிட்டுப் பார்த்து, அநேகமாக இது அபூர்வமான ஒரு பறக்கும் அணில் என்று எழுதினார்கள்.

அரசாங்க உத்தியோகத்தில் பணிப்பதிவேட்டில் அங்க அடையாளம் என்று ஒரு கலம் உண்டு. "இடது முழங்கையில் ஒரு மச்சம்" என்று எழுதுவோம். எத்தனை பேருக்கு இடது முழங்கையில் மச்சம் இருக்கிறதோ! அதனால்தான் அதோடு கையெழுத்து, கைரேகை, பிறந்த தேதிச் சான்று எல்லாம் கேட்கிறார்கள். போட்டோ என்பது மனுதான், உத்தரவு அல்ல.

முறையாக எப்படிச் செய்யலாம் என்பதற்கும் உதாரணம் இருக்கிறது. நான் படித்தது பிரெஞ்சு மீடியத்தில். பிரெஞ்சுச் செய்திகள் படிக்கும் வழக்கம் எழுபது தாண்டியும் விடவில்லை. நெப்போலியன் பிறந்த கோர்சிகா தீவைப் பற்றி 2019 ஜூனில் ஒரு செய்தி வந்தது. ஆடுகளின் மடியைக் கடிக்கும் ஒரு விலங்கு உண்டு என்று அங்குள்ள மேய்ப்பர்கள் வெகுகாலமாகச் சொல்லிவந்தார்கள். பூனைநரி, பிரெஞ்சில் 'ஷா-ரெனார்' என்று அதற்குப் பெயர். கேட்டவர்கள் மேய்ப்பர் கதை என்று விட்டுவிட்டார்கள். 2008-ல் ஒரு கோழிக்கூண்டில் ஒன்று அகப்பட்ட பிறகுதான் வனவிலங்கு இலாகா விசாரணையில் இறங்கியது.

இறங்கியவர்கள் ஒழுங்காகச் செய்தார்கள். கேமராக்கள் வைத்தார்கள். அதோடு, பூனைகளை ஈர்க்கும் வாசனை தடவிய மரக்குச்சிகளைக் காட்டில் நட்டார்கள். பூனை வந்து உடம்பை உரசும், ரோமம் ஒட்டிக்கொள்ளும். அந்த ரோமத்தில் டி.என்.ஏ. பார்த்தார்கள். (இந்த யோசனை யாருக்குத் தோன்றியதோ, கெட்டிக்காரர்!) அஸ்கோ காட்டில் 16 பூனைகளைக் கண்டு, 12 பூனைகளைப் பிடித்து, பரிசோதித்துவிட்டுத் திரும்ப விட்டார்கள். தலையிலிருந்து வால்வரை சுமார் 90 செ.மீ., வாலில் இரண்டு முதல் நான்கு வளையங்கள், நுனி கறுப்பு. 2023-ல் மரபணு ஆய்வு வந்தது. வீட்டுப்பூனை அல்ல, பிரான்சின் மற்றப் பகுதிகளில் உள்ள காட்டுப்பூனையும் அல்ல, பக்கத்துச் சார்தீனியா தீவின் பூனையும் அல்ல, தனி வகை. கோழிக்கூண்டிலிருந்து இந்த முடிவுக்கு வர 15 வருஷம்!

பெயரில் என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். வீட்டைவிட்டு ஓடிய பூனை என்று எழுதிவிட்டால் அதைக் கேட்பார் கிடையாது. காட்டுப்பூனை என்றால் பிரான்சில் சட்டப் பாதுகாப்பு உண்டு. அந்த மலைப்பூனையின் பிழைப்பே பெயர்க் கலத்தில்தான் இருக்கிறது.

பரபரப்பாகச் சொன்னால்தான் காட்டைக் காப்பாற்ற முடியும் என்று சிலர் வாதிடுகிறார்கள். போர்னியோவில் அந்தச் சமயம் செம்பனைத் தோட்டங்களுக்காகக் காட்டை அழிக்கும் திட்டம் பேச்சில் இருந்தது வாஸ்தவம். ஆனால் மர்ம விலங்குக்காகக் காட்டைக் கேட்டுவிட்டு, நாளை அது அணில் என்று தெரிந்தால் என்ன சொல்வது? செம்பனைக்காரன் சிரிக்கமாட்டானா? அணிலுக்கும் அந்தக் காடு வேண்டும். அதை அணிலின் பெயரிலேயே கேட்கலாமே.

அந்த இரண்டு போர்னியோப் படங்கள் எங்காவது கண்ணில் பட்டால் நிதானமாகப் பாருங்கள். பூனையா, அணிலா, உங்கள் அபிப்பிராயத்தை எனக்கு எழுதுங்கள்.