‘ஷிப்ட்’ தெரியும், ‘ஸ்விப்ட்’ தெரியுமா? பாஸ் புத்தகத்தில் அச்சடிக்க பாங்கிகளுக்கு என்ன தயக்கம்?

நெய்வேலி டவுன்ஷிப்பில் ‘ஷிப்ட்’ என்றால் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். காலை ஷிப்ட், மாலை ஷிப்ட், இரவு ஷிப்ட் என்று சுரங்கமும் அனல் மின் நிலையமும் ஓடுவதால், ஊரே அந்தக் கணக்கில்தான் தூங்கி எழுகிறது.

ஆனால் ‘ஸ்விப்ட்’ என்றால்? அங்கேதான் வருகிறது தகராறு!

அப்பா நிலக்கரிச் சுரங்கத்தில் உழைத்து ஓய்வு பெற்றவர். மகன் துபாய்க்கோ சிங்கப்பூருக்கோ வேலைக்குப் போகிறான். முதல் சம்பளம் வாங்கியதும் போன் வருகிறது. “அப்பா, பாங்கியிலே ஸ்விப்ட் கோடு கேட்டு அனுப்புங்க.”

அப்பா வெயிலில் பாங்கிக்குப் போய் வரிசையில் நிற்கிறார். “பாஸ் புத்தகத்திலேயே இருக்கே பெரியவரே” என்று காட்டப்படுவது ஐ.எப்.எஸ்.சி. எண். அதையே மகனுக்கு அனுப்புகிறார். அங்குள்ள பாங்கி, “இது செல்லாது” என்று கையை விரிக்கிறது. மறுபடியும் நடை, மறுபடியும் வரிசை.

இரண்டும் 11 எழுத்து!

குழப்பத்துக்குக் காரணம் உண்டு. ஐ.எப்.எஸ்.சி. எண்ணிலும் 11 எழுத்து. ஸ்விப்ட் கோடிலும் 8 அல்லது 11 எழுத்து. முதல் நாலு எழுத்து இரண்டிலும் ஒன்றாக இருப்பதும் உண்டு. ஸ்டேட் பாங்கிக்கு இரண்டிலும் ‘எஸ்.பி.ஐ.என்.’தான்.

வித்தியாசம் ஐந்தாவது இடத்தில் இருக்கிறது. அங்கே பூஜ்யம் இருந்தால் அது ஐ.எப்.எஸ்.சி. உள்நாட்டுப் பணத்துக்கு மட்டும். ஐந்தாவதும் ஆறாவதும் ‘ஐ.என்.’ என்று இருந்தால் அது ஸ்விப்ட். அந்த ‘ஐ.என்.’ இந்தியாவைக் குறிக்கும். அடுத்த இரண்டு எழுத்து ஊரைக் காட்டும். கடைசி மூன்று எழுத்து கிளையைச் சொல்லும்.

இவ்வளவுதான் விஷயம். இதைச் சொல்ல எத்தனை நிமிஷம் ஆகும்?

“எங்க கிளைக்கு ஸ்விப்ட் கோடே கிடையாது சார்” என்று சில பாங்கிகளில் பதில் வரும். அதில் பொய் இல்லை. நம் நாட்டில் பெரும்பாலான கிளைகளுக்குத் தனிக் கோடு கிடையாது. வெளிநாட்டுப் பணத்தை வாங்கும் பெரிய கிளையின் கோடைக் கொடுத்து, கூடவே கணக்கு எண்ணையும் சொந்தக் கிளையின் விவரத்தையும் எழுத வேண்டும். பணம் அங்கே போய் இங்கே வரும். ஆனால் எந்தக் கிளையின் கோடு என்று சொல்ல வேண்டியது யார்? பாங்கியா, பாஸ் புத்தகத்தோடு நிற்கும் பெரியவரா?

கோடு தப்பினால் பணம் வழியில் நிற்கும். நாள் கணக்கில் அலைந்துவிட்டுத் திரும்பிப் போகும். இடையில் உள்ள பாங்கிகள் கட்டணத்தைக் கழித்துக் கொள்வதும் உண்டு. நஷ்டம் உழைத்தவன் தலையில்!

விலாசம்தான், சாவி அல்ல!

இன்னொரு கூத்தும் நடக்கிறது. ஸ்விப்ட் கோடைச் சொன்னால் கணக்கில் இருக்கும் பணம் போய்விடும் என்று பயப்படுகிறவர்கள் இருக்கிறார்கள். ஆனால் போனில் எவனோ “பாங்கி மானேஜர் பேசுறேன்” என்றதும் ஓ.டி.பி. எண்ணை ஒப்பித்து விடுகிறார்கள்!

ஸ்விப்ட் கோடு வீட்டு விலாசம் மாதிரி. யாருக்கும் கொடுக்கலாம். ஓ.டி.பி.யும் ‘பின்’ எண்ணும் பீரோ சாவி. பெற்ற பிள்ளை கேட்டாலும் யோசிக்க வேண்டும். இதைத் தலைகீழாகப் புரிந்து கொண்டால் மோசடி ஆசாமிகளுக்குத்தான் கொண்டாட்டம்.

கும்பகோணத்தில் கைவரிசை

1973ல் பெல்ஜியத்தில் 15 நாடுகளின் 239 பாங்கிகள் கூடி ஆரம்பித்தது ஸ்விப்ட். 1977ல் வேலையைத் தொடங்கியது. இன்று 200க்கும் மேற்பட்ட நாடுகளில் 11 ஆயிரத்துக்கும் அதிகமான நிறுவனங்கள் அதில் இருக்கின்றன. அதன் வழியே பணம் போவதில்லை. “இன்னார் கணக்கில் இவ்வளவு வரவு வை” என்ற தகவல்தான் போகிறது. அந்தத் தகவலைப் பொய்யாக அனுப்பினால்?

அதுதான் 2018 பிப்ரவரியில் கும்பகோணத்தைத் தலைமையிடமாகக் கொண்ட சிட்டி யூனியன் பாங்கியில் நடந்தது. கம்ப்யூட்டருக்குள் புகுந்த திருடர்கள், துபாய், துருக்கி, சீனா என மூன்று இடங்களுக்குச் சுமார் 20 லட்சம் டாலருக்கு உத்தரவு போட்டார்கள். தகவலைக் காட்ட வேண்டிய பிரிண்டரையும் முடக்கி விட்டார்கள். மறுநாள் கணக்கு பார்த்தபோதுதான் குட்டு வெளிப்பட்டது. துபாய்க்குப் போன 5 லட்சம் டாலர் தடுக்கப்பட்டுத் திரும்பியது.

2016ல் வங்காளதேச மத்திய பாங்கியில் இதே பாணியில் 8 கோடியே 10 லட்சம் டாலர் மணிலாவுக்குப் பறந்தது. அந்த ஆகஸ்டு முதல் மூன்று முறையாவது பாங்கிகளை எச்சரித்ததாக ரிசர்வ் பாங்கியே பின்னர் சொன்னது. ஸ்விப்ட் பாதுகாப்பில் கோட்டை விட்டதற்காக 2019 மார்ச்சில் 36 பாங்கிகளுக்கு மொத்தம் 71 கோடி ரூபாய் அபராதம் போட்டது.

கவனியுங்கள். இந்தத் திருட்டுக்கெல்லாம் காரணம், எந்தப் பெரியவரும் கோடைச் சொன்னது அல்ல. பூட்டு போட வேண்டிய இடத்தில் பாங்கிகள் பூட்டவில்லை. சொல்ல வேண்டிய இடத்தில் மட்டும் வாயைப் பூட்டிக் கொள்கின்றன!

செய்ய வேண்டியது என்ன?

பாஸ் புத்தகத்தின் முதல் பக்கத்தில் ஐ.எப்.எஸ்.சி.க்குக் கீழே ஸ்விப்ட் கோடையும் அச்சடிக்க வேண்டும். வாசலில் தமிழில் ஒரு போர்டு வைக்க வேண்டும். வழியில் எவ்வளவு கட்டணம் கழியலாம் என்பதையும் சொல்ல வேண்டும். இதற்கு ஆகும் செலவு ஒரு வரி மை.

பூமிக்கு அடியில் இருந்த கரியைத் தோண்டி ஊருக்கு வெளிச்சம் கொடுத்தவர்கள், பிள்ளை அனுப்பும் பணத்துக்காகக் கவுண்ட்டரில் இருட்டில் துழாவ வேண்டுமா?