அசைவும் இருப்பும்

கல்வி நிலையமொன்று பல்லாண்டுகளைக் கடந்து விழாக் கொண்டாடுங்கால், அதன் பழைய மாணவர்கள் தம்மால் இயன்ற நற்பணி ஒன்றைச் செய்து வைத்தல் தொன்றுதொட்டு வரும் வழக்காகும். முன்னாளில் அது கிணறாகவும் மதிலாகவும் நூல்நிலைய அலுமாரியாகவும் அமைந்தது. இந்நாளிற் பெரும்பாலும் மின்சாரத்தோடு தொடர்புடையதாகவே அமைகின்றது. அறையில் ஆள் உளரா இலரா என்பதை அசைவால் அறிந்து, விளக்கையும் விசிறியையும் தானே இயக்கியும் நிறுத்தியும் வைக்கும் 'அசைவுணரி' என்னும் கருவியை வகுப்பறைகள் யாவற்றிலும் பொருத்திவிட வேண்டும் என்னும் விருப்பம் நம்மவரிடையே எழக் காண்கின்றோம். கருவி நல்லதே. ஆயினும் அதனை எங்கே வைப்பது, எங்கே வையாது விடுவது என்று ஆராய்ந்து செய்தலே அறிவுடைமை என்பது எமது கருத்து.

தமிழாசிரியர்க்குக் கருவியைப் பற்றி என்ன பேச்சு என்று சிலர் வினவக்கூடும். இலண்டன் பல்கலைக்கழகத்து விஞ்ஞானப் பட்டமும் மதுரைத் தமிழ்ச் சங்கத்துப் பண்டிதர் பட்டமும் ஒருங்கே பெற்ற சுவாமி விபுலாநந்தரை ஈன்றது நம் மட்டக்களப்புத் தமிழகம். ஈண்டு அவ்வினாவுக்கு இடமில்லை.

இக்கருவியின் தொழிற்பாடு வியப்புக்குரியது, விளங்குதற்கு அரியதன்று. ஞாயிற்றின் ஒளியிற் சிவப்பு நிறத்துக்கு அப்பால், கண்ணுக்குப் புலனாகாத கதிரொன்று உளது என்பதை 1800ஆம் ஆண்டில் வில்லியம் ஹேர்ஷல் என்னும் வானியலறிஞர் வெப்பமானி கொண்டு கண்டறிந்தார். அதனைச் செந்நிறக்கீழ்க் கதிர் என்பர். நம் உடலும் அக்கதிரை இடையறாது வீசிக்கொண்டேயிருக்கின்றது. சில பளிங்குகள் சூடு மாறும்போது மின்னேற்றம் பெறும் இயல்பின. அவ்வியல்புக்கு 1824ஆம் ஆண்டில் டேவிட் புறூஸ்ரர் என்பார் பெயரிட்டார். இவ்விரண்டு உண்மைகளையும் இணைத்து அமைத்ததே இன்று கூரையிலே பொருத்தப்படும் அச்சிறு வெண்ணிறக் கருவி. அதன் முகப்பிலுள்ள பல கூறுடைய வில்லை, அறையைப் பல பகுதிகளாகப் பிரித்து நோக்குகின்றது. சூடுடைய உடலொன்று ஒரு பகுதியினின்று மற்றொன்றுக்குப் பெயரும்போது கருவியிற் படும் வெப்பம் மாறுகின்றது, அம்மாற்றத்தால் மின்குறி பிறக்கின்றது, விளக்கு எரிகின்றது.

இங்கே ஊன்றிக் கவனிக்கவேண்டியது ஒன்றுண்டு. கருவி அறிவது ஆளையன்று, மாற்றத்தையே. ஆள் அசையாதிருப்பின் மாற்றமில்லை. மாற்றமில்லையேல் கருவியின் கணக்கில் ஆளும் இல்லை. பூனையொன்று மேசைமீது உலாவினால், அறையில் ஆள் உண்டென்று அது கொள்ளக்கூடும். மாணவன் ஒருவன் கடினமான கணக்கொன்றில் மனம் பதித்து ஆடாது அசையாது அமர்ந்திருந்தாலோ, ஆளில்லை என்று விளக்கை அணைத்துவிடும். எமது பிரதேசத்துக்கு இன்னுமோர் இடருண்டு. கச்சான் வீசும் நாட்களிற் சுவரும் தளபாடமும் மனிதத் தோலின் சூட்டை, அஃதாவது ஏறத்தாழ 33, 34 சதம பாகையை, அண்மிவிடும். அப்போது உடலைச் சூழலினின்று பிரித்தறியும் ஆற்றல் கருவிக்குக் குன்றிவிடுகின்றது.

இக்குறையைக் கருவி செய்வோர் அறியாதவரல்லர். இறுதி அசைவுக்குப் பின்னர்ச் சில நிமிடங்கள் காத்திருந்தே விளக்கை அணைக்குமாறு அதனை அமைத்திருக்கின்றனர். இந்தியாவின் கட்டட மின்சிக்கன விதிக்கோவை 2007ஆம் ஆண்டில் இக்காத்திருப்புக்கு 30 நிமிடம் வரை இடமளித்தது. 2017ஆம் ஆண்டில் அதனை 15 நிமிடமாகக் குறைத்தது. காத்திருப்பு நீண்டால் மின்சாரம் வீணாகும். குறுகினால் இருப்பவர் இருளில் ஆழ்வர். இரண்டுக்கும் நடுவே எந்த எண்ணை வைத்தாலும், கருவிக்கு ஆள் உளரா என்பது தெரியாது என்னும் உண்மை மாறப்போவதில்லை.

இவ்விடத்தில் நம் மொழி நமக்கு ஒரு பாடஞ் சொல்லுகின்றது. 'இரு' என்னும் வினையடி உளதாதலையும் குறிக்கும், அமர்தலையும் குறிக்கும். 'இருக்கின்றார்' என்ற ஒரு சொல்லாலேயே ஒருவர் உளர் என்பதையும் அமர்ந்துள்ளார் என்பதையும் நாம் சொல்லிவிடுகின்றோம். அசையாது அமர்தல் இன்மையாகாது என்பது நம் அன்றாடப் பேச்சிலேயே அமைந்து கிடக்கின்றது. கருவியோ 'இயங்கு' என்பதை மாத்திரமே அறியும். இருத்தலுக்கு இயங்குதலே சான்று என்பது அதன் இலக்கணம். அவ்விலக்கணத்தைக் கல்விக்கூடத்துக்கு நாம் ஏற்கலாமா?

எமது ஊராகிய மண்டூரிலே கோயில் கொண்டருளிய கந்தசுவாமியைக் குருமண்வெளித் துறையில் வாவி கடந்து வந்து வழிபட்டோர் இவ்விதழைப் படிப்போருள் பலர் இருப்பர். சின்னக் கதிர்காமம் என வழங்கும் அத்தலத்திலே கப்புகனார் வாயைத் துணியாற் கட்டிக்கொண்டு, திரைக்கு அப்பால், மந்திரவொலியின்றிப் பூசை செய்வர். கண்டறியத்தக்க அசைவு திரையில் இல்லை. கேட்கத்தக்க சொல்லும் இல்லை. அதனால் அங்கே ஒன்றும் நிகழவில்லை என்றெண்ணித் திரும்பிய அடியார் எவருமிலர். மௌனத்தினுள்ளே பெருஞ்செயல் நிகழும் என்பதை எம்மூர்ச் சிறுவரும் அறிவர்.

கல்வியும் அத்தகையதே. கையுயர்த்தி விடை கூறும் மாணவனை எல்லோரும் காண்கின்றனர். கடைசி வாங்கிலே தலைகுனிந்து, புத்தகத்தின் ஒரே பக்கத்தை நெடுநேரம் நோக்கியிருப்பவனை நல்லாசிரியர் மாத்திரமே காண்கின்றார். ஒருவேளை வகுப்பிலே மிகக் கூடுதலாகக் கற்றுக்கொண்டிருப்பவன் அவனாயிருத்தல் கூடும். நூல்நிலையத்தில் நூலில் ஆழ்ந்திருப்பவர் தாம் இருப்பதைக் காட்டும்பொருட்டு இடையிடையே கையை வீசவேண்டும் என்னும் நிலை வருமாயின், அஃது அறிவுக்கு நாம் செய்யும் அவமதிப்பாகும்.

இவ்வாறு கூறுவதால் யாம் சிக்கனத்துக்குப் பகைவரல்லேம். 2022ஆம் ஆண்டு மார்ச்சு 31ஆம் நாளிலே நாளொன்றுக்கு 13 மணிநேரம் வரை மின்வெட்டுக்கு ஆளான இந்நாட்டில், ஆளற்ற அறையிலே விளக்கெரிய விடுதல் பாவம் என்றே கூறுவோம். ஆளோடிகள், கழிவறைகள், பண்டசாலைகள், மாடிப்படிகள் ஆகியவற்றுக்கு அசைவுணரி மிகப் பொருத்தமானது. அங்கே செல்வோர் நடமாடுவர், நெடுநேரந் தங்கார், விளக்கை அணைக்க மறப்பர். அத்தகைய இடங்களிற் கருவி தன் கடமையைச் செவ்வனே செய்யும்.

அசைவற்றவரையும் அறியும் கருவிகள் உளவே என்பர் சிலர். உண்மை. மூச்சினால் மார்பு ஏறியிறங்குவதையும் கண்டறியவல்ல ரேடார்க் கருவிகள் உள. வெளிக்காற்றில் மில்லியனுக்கு ஏறத்தாழ 420 பங்காகவுள்ள காபனீரொட்சைட்டு, மூடிய அறையிலே மூச்சினாற் பெருகுவதை அளந்து ஆள் உண்மையை அறிவனவும் உள. ஆயின் கருவி கூர்மையுற, வேறோர் அச்சமும் உடன் வருகின்றது. விளக்கை அணைப்பதற்கென வைத்த கண், ஆளை எண்ணுங் கண்ணாக மாறுதல் எளிது. 2016ஆம் ஆண்டு சனவரியில் இலண்டன் 'டெயிலி ரெலிகிராப்' பத்திரிகை அலுவலகத்திலே, ஊழியரின் மேசைகளின்கீழே வெப்பத்தையும் அசைவையும் உணரும் பெட்டிகள் வைக்கப்பட்டன. மின்சிக்கனத்துக்கென்று விளக்கங் கூறப்பட்டும் ஊழியர் ஏற்றிலர். எதிர்ப்பினால் அவை விரைவிலே அகற்றப்பட்டன. எழுதுவோன் எழுமுன் சிந்தித்திருக்கும் பொழுதும் வேலைப்பொழுதே என்பதைப் பெட்டி அறியாது. ஆசிரியரையும் மாணவரையும் அவ்வாறு அளக்கும் நாள் நம் கல்லூரிக்கு வாராதிருத்தல் வேண்டும்.

ஆதலின் நிதியுதவ முன்வரும் பழைய மாணவ அன்பர்களுக்கு எமது வேண்டுகோள் இதுவாகும். நடமாடும் இடங்களுக்கு அசைவுணரி வாங்கித் தாருங்கள். வகுப்பறை, நூல்நிலையம், பரீட்சை மண்டபம், பூசையறை ஆகிய நான்கிலும் கதவருகே கைக்கெட்டும் உயரத்திற் சாதாரண ஆளியே இருக்கட்டும். எஞ்சும் பணத்தைக் கொண்டு சாளரங்களை அகலமாக்குங்கள், நூல்களை வாங்குங்கள். கீழ்க்கரை ஞாயிற்றின் ஒளிக்குக் கட்டணம் இல்லை.

மாணவச் செல்வங்களுக்கும் ஒன்று கூறுவோம். வகுப்பை விட்டு நீங்குமுன் திரும்பி நோக்கி, இன்னும் எவரேனும் இருக்கின்றனரா என்று பார்த்து, எவருமில்லையேல் விளக்கை அணைத்துச் செல்லும் மாணவன் இரண்டு பாடங்களை ஒருங்கே கற்கின்றான். பொதுப்பொருளைப் பேணுதல் ஒன்று. பிறன் ஒருவனின் இருப்பை மதித்தல் மற்றொன்று. கருவி அவ்வேலையை அவனுக்காகச் செய்துவிடின், மின்சாரம் மிஞ்சலாம், பாடம் மிஞ்சாது. அமைதியாய் இருப்போரையும் இருப்பவராகவே எண்ணும் கல்லூரியாக நம் கல்லூரி இன்னும் பல்லாண்டு விளங்குக.