கடிவாளம் யார் கையில்?

"உள்ளூர்ப் பொருளையே உண்ணுங்கள்; உழவன் வாழ்வான், உலகம் தழைக்கும்!" உபதேசம் கேட்கிறது. எங்கே? குளிரூட்டிய மண்டபத்திலே! யாருக்கு? கேழ்வரகுக் கூழால் வளர்ந்தவனுக்கு! 2023ஆம் ஆண்டைச் சிறுதானிய ஆண்டென ஐ.நா. அறிவித்ததும், ஏழையின் கலயத்திலிருந்த கூழ் சீமான் வீட்டு வெள்ளிக் கிண்ணத்தில் ஏறிற்று. மகிழ்ச்சி! ஆனால், ஏழையின் கலயத்தில் இன்று இருப்பது என்ன?

தோழரே, மண்டபத்தை விட்டு நியாயவிலைக் கடைக்கு வாரும். வரிசையில் நிற்கும் தாயின் பையிலே பாமாயில். லிட்டர் 25 ரூபாய். சந்தை விலைக்கும் இந்த விலைக்கும் உள்ள பள்ளத்தைக் கருவூலம் நிரப்புகிறது. ஏழையின் சட்டி காயாமல் காத்த திட்டம் அது; அதைப் பழிப்பவன் நானல்லன். ஆனால் அந்த எண்ணெய் பெரும்பாலும் இந்தோனேசியாவிலும் மலேசியாவிலும் விளைந்தது. 2022 ஏப்ரல் இறுதியில் இந்தோனேசியா பாமாயில் ஏற்றுமதிக்குத் தடை விதித்தது. மூன்று வாரங்களுக்குச் சற்று அதிகமாக நீடித்த தடைதான். ஆயினும் அங்கே கதவடைத்தால் இங்கே அடுப்படி நடுங்கும் என்பதை அது காட்டிற்று. 1960களில் அமெரிக்கக் கோதுமைக் கப்பலுக்காகக் கரையில் காத்துநின்ற நாடு இது. அந்தப் பாடம் அதற்குள் மறந்ததோ?

"கப்பல் புகை அற்பம், உணவால் விளையும் மாசில் போக்குவரத்தின் பங்கு சிறிதே" என்பர் அறிவாளர். உண்மை! நான் புகையைச் சொல்லவில்லை, கடிவாளத்தைச் சொல்கிறேன். "ஓர் ஏக்கரில் பாமாயில் தரும் அளவுக்கு நிலக்கடலை தருமா?" தராது. தேங்காய் எண்ணெய் விலை கூடியதுதான், அதையும் மறைக்கவில்லை. ஆனால் 2023இல் கொப்பரை விலை ஆதரவு விலைக்கும் கீழே சரிந்தபோது, பொள்ளாச்சி உழவன் கண்ணீர் வடித்தானே! பாமாயில் பள்ளத்தை நிரப்பும் கருவூலத்துக்கு, அந்தக் கண்ணீரைத் துடைக்கக் கை நீளாதா?

முழுவதையும் ஒரே நாளில் மாற்றக் கேட்கவில்லை. விலை வீழும் காலத்தில் கொப்பரையையும் கடலையையும் கொள்முதல் செய்க. ஆட்டிய எண்ணெயை அதே 25 ரூபாய்க்குக் கடையில் வைக்க. எதை வாங்குவதென்பதை அந்தத் தாய் தீர்மானிக்கட்டும்.

உள்ளூர் உணவு ஏழைக்கு ஓதும் ஒழுக்கப் பாடமன்று. அரசு ஆற்றவேண்டிய கடமை. அடுத்த முறை மண்டபத்தில் உபதேசம் கேட்டால், எழுந்து நின்று ஒன்றே கேளும்: "ஐயா, நியாயவிலைக் கடையில் எப்போது?"