விசாரணையின்றிப் பிரிக்கப்பட்ட குழந்தைகள்

ஆசிரியர் அவர்களுக்கு,

அமெரிக்க எல்லையில் அடைக்கலம் தேடி வந்த பெற்றோரிடமிருந்து குழந்தைகளைப் பிரித்த விவகாரம் பற்றித் தங்கள் சென்ற இதழில் வெளியான கட்டுரையை வாசித்தேன். எல்லையைக் காப்பது எந்த ராஜ்யத்துக்கும் உரிய கடமை என்றும், சட்டத்தை மீறியவர்கள் அதன் பலனை அனுபவிப்பதில் ஆச்சரியம் இல்லை என்றும், 2018-ஆம் ஆண்டோடு முடிந்துபோன சங்கதியை இன்னும் பேசுவதில் பிரயோஜனம் இல்லை என்றும் கட்டுரையாளர் எழுதியிருக்கிறார். முதலாவதை நானும் ஒப்புக்கொள்கிறேன். மற்ற இரண்டும் உண்மைக்கு மாறானவை என்பதால், வக்கீல் தொழிலிலேயே ஆயுளின் பெரும்பகுதியைக் கழித்தவன் என்ற முறையில் என் ஆட்சேபத்தைத் தெரிவித்துக்கொள்கிறேன்.

இவ்விஷயத்தில் முதன்மையான வழக்கைத் தொடுத்தவள், உயிருக்கு அஞ்சிக் காங்கோ நாட்டிலிருந்து ஏழு வயது மகளோடு ஓடிவந்த ஒரு தாய். அவள் வேலி தாண்டி வந்தவள் அல்லள். 2017 நவம்பரில் சான் டியாகோவை அடுத்த எல்லைச் சாவடிக்கு நேரே வந்து, அந்நாட்டுச் சட்டமே அனுமதிக்கிற முறையில், அதிகாரிகளிடம் அடைக்கலம் கேட்டவள். சில நாட்களுக்குள் மகளைத் தனியே அழைத்துச் சென்றார்கள். அம்மாவோடுதான் இருப்பேன் என்று குழந்தை அலறியது அடுத்த அறையிலிருந்த தாயின் காதில் விழுந்தது என்று வழக்கு மனு சொல்கிறது. குழந்தையைக் கொண்டுபோய் வைத்த இடமோ சிகாகோ. அவள்தான் தாயா என்பதில் சந்தேகம் இருந்ததாகப் பிற்பாடு சர்க்கார் தரப்பில் சமாதானம் சொன்னார்கள். அந்தச் சந்தேகத்தைத் தீர்க்கக்கூடிய மரபணுப் பரிசோதனை, வழக்கு கோர்ட்டுக்கு வந்த பிறகு, 2018 மார்ச்சில்தான் நடந்தது, தாய்தான் என்று தெரிந்தது. அதுவரையில் எந்த நீதிபதியும் அவளைத் தகுதியற்ற தாய் என்று சொல்லவில்லை. எந்த நீதிபதியையும் யாரும் கேட்கவும் இல்லை.

அவ்வாண்டு வசந்த காலத்தில் அட்டர்னி ஜெனரல் ஜெஃப் செஷன்ஸ் அறிவித்த கடுங்கொள்கையால், ஒருத்திக்கு நேர்ந்தது ஆயிரக்கணக்கானவர்களுக்கு நேர்ந்தது. அனுமதியின்றி முதல் முறை எல்லை தாண்டுவது அந்நாட்டில் ஆறு மாதத்துக்கு மேல் சிறை விதிக்க முடியாத சிறு குற்றந்தான். ஆயினும் அதற்காகப் பெற்றோரைக் கிரிமினல் கோர்ட்டுக்கு இழுத்தவுடனே, அவர்கள் கையைப் பிடித்து வந்த குழந்தை காகிதத்தில் 'துணையின்றி வந்த குழந்தை' ஆகிவிட்டது. பெற்றோர் ஓர் இலாகாவின் காவலிலும் குழந்தை வேறோர் இலாகாவின் விடுதியிலுமாகப் பிரிந்தபோது, இன்னாருடைய குழந்தை இது என்று இரு இலாகாக்களின் கோப்புகளையும் சேர்த்துப் பார்க்க ஒழுங்கான ஏற்பாடே இல்லை. சில மணி நேரத்தில் கோர்ட்டிலிருந்து திரும்பி, குழந்தையை விட்டுப்போன இடத்தில் தேடியவர்கள் பலர். குழந்தையில்லாமலே நாடு கடத்தப்பட்டவர்கள் 400 பேருக்கு மேல்.

ஜூன் 20-ஆம் தேதி ஜனாதிபதி டிரம்ப் குடும்பங்களைப் பிரிப்பதை நிறுத்தி உத்தரவிட்டார். ஆறு நாட்களுக்குப் பின், அந்தத் தாயின் வழக்கை விசாரித்த நீதிபதி டேனா ஸப்ரா, ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளைப் 14 நாட்களிலும் மற்றவர்களை 30 நாட்களிலும் பெற்றோரிடம் சேர்க்க வேண்டும் என்று கட்டளையிட்டார். கைதானவர்களின் பணத்துக்கும் பத்திரங்களுக்கும் இருக்கிற கணக்கு அவர்கள் பெற்ற குழந்தைகளுக்கு இல்லையே என்று அத்தீர்ப்பில் அவர் வருந்தியிருப்பதைக் கட்டுரையாளர் படித்திருந்தால், பேனாவைச் சற்று நிதானித்துப் பிடித்திருப்பார்.

முடிந்துபோன சங்கதி என்கிறாரே, எது முடிந்தது? 2023 டிசம்பரில் அதே நீதிபதி அங்கீகரித்த சமரசம், அக்கொள்கையை மீண்டும் கொண்டுவரலாகாது என்று தடுப்பது உண்மை. ஆனால் அத்தடைக்கு ஆயுள் எட்டு ஆண்டுகள். அதிலும் விதிவிலக்குகள் உண்டு. வழக்காடியவர்கள் செய்துகொண்ட சமரசம் ஒன்று, பிரதிநிதி சபைகள் இயற்றும் நிரந்தரச் சட்டம் வேறொன்று. பின்னது இன்றுவரை வரவில்லை. மணமாகாத தந்தை என்பதற்காக மட்டும், விசாரணையின்றி ஒருவனுடைய குழந்தைகளை எடுத்துக்கொள்ளக் கூடாது என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றமே ஸ்டான்லி வழக்கில் 1972-இல் தீர்மானித்திருக்கிறது. குழந்தையின் நலனுக்கு அவசியம் என்று நீதிமன்ற மறுபரிசீலனைக்கு உட்பட்டு அதிகாரிகள் முடிவு செய்தாலொழியப் பெற்றோரின் விருப்பத்துக்கு மாறாகப் பிரிக்கலாகாது என்று சொல்லும் குழந்தை உரிமை உடன்படிக்கையில் 1995-இல் கையெழுத்திட்ட அமெரிக்கா, இன்னும் அதை ஊர்ஜிதம் செய்யவில்லை. குடியேற்றக் கோர்ட்டிலோ, வக்கீலுக்குக் கொடுக்கப் பணமில்லாத குழந்தை, மழலை மாறாத வயதானாலும், சர்க்கார் செலவில் வக்கீலைக் கேட்டுப் பெறும் உரிமையின்றி நிற்க நேர்கிறது. எனக்கு இதைவிட மனத்தை வருத்தும் செய்தி வேறில்லை. எதிர்த்தரப்பில் பயிற்சி பெற்ற சர்க்கார் வக்கீல் நிற்க, கேள்வியின் பொருளே விளங்காத பாலகன் எதைச் சொல்லித் தன் கட்சியை நிலைநாட்டுவான்?

கள்ளக் கடத்தல்காரர்கள் பெற்றோர் வேஷத்தில் வருவதுண்டு என்பதை நான் மறுக்கவில்லை. அந்தச் சந்தேகத்தைத் தீர்ப்பதற்காகவே விசாரணை வேண்டும் என்கிறேன். பிரிப்பதற்கு முன் நீதிபதி விசாரிக்க வேண்டும். ஆபத்து வேளையில் முன்கூட்டி விசாரிக்க இயலாவிடில், ஓரிரு நாட்களுக்குள்ளாவது விசாரிக்க வேண்டும். குழந்தைக்கு வக்கீல் வேண்டும். பெற்றோர் எங்கே, குழந்தை எங்கே என்பது ஒரே கோப்பில் பதிவாக வேண்டும். இவை காலவரம்பில்லாத சட்டமாகும் வரையில் அடுத்து வரும் எந்த ஜனாதிபதியும் பழைய வழியைத் தேடக்கூடும். ஆகையால், விவகாரம் முடிந்துவிட்டது என்ற கட்டுரையாளரின் கூற்றுக்குத் தாங்கள் ஒரு திருத்தம் வெளியிட வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
தங்கள் நெடுநாள் வாசகர்,
கும்பகோணம்