இருபது பெயர்களில் நான்காவது

2004 மார்ச் 11 அன்று மாட்ரிட் நகர ரயில்களில் குண்டுகள் வெடித்து 190க்கும் மேற்பட்டோர் மாண்டனர். டெட்டனேட்டர்கள் இருந்த ஒரு பிளாஸ்டிக் பையில் பதிந்திருந்த கைரேகையை அமெரிக்காவின் எஃப்.பி.ஐ. தன் கணினியில் தேடியது. தொலைக்காட்சித் தொடராக இருந்தால் அடுத்த நொடியே திரையில் ஒரு முகம் மின்னியிருக்கும். எஃப்.பி.ஐ.யின் கணினி கொடுத்ததோ, ஏறத்தாழ ஒத்துப்போகக்கூடிய இருபது பேரின் பட்டியல். நான்காவது இடத்தில் இருந்தவர் ஆரிகன் மாநில வழக்கறிஞர் ஒருவர். மூன்று நிபுணர்கள் ஒருவர் பின் ஒருவராகப் பார்த்து, ரேகை அவருடையதே என்று உறுதி கூறினார்கள். பொருந்தவில்லை என்று ஸ்பெயின் காவல்துறை ஏப்ரலிலேயே தெரிவித்தது. காதில் ஏறவில்லை. மே மாதம் அவரைக் கைது செய்தார்கள். நீதிமன்றம் அமர்த்திய நிபுணரும் அதே தவறைச் செய்தார். ரேகை அல்ஜீரியர் ஒருவருடையது என்று ஸ்பெயின் கண்டறிந்த பிறகே, இரண்டு வாரச் சிறைக்குப் பின், வழக்கறிஞர் வீடு திரும்பினார். அவர் இஸ்லாத்தைத் தழுவியவர் என்பதும், தம் முடிவை நிபுணர்கள் மறுபடி எண்ணிப் பார்க்காததற்கு ஒரு காரணமாக இருக்கக்கூடும் என்று அமெரிக்க நீதித்துறையின் சொந்த விசாரணை அறிக்கையே பின்னர் சொன்னது. அரசு மன்னிப்புக் கேட்டு 20 லட்சம் டாலர் கொடுத்தது.

தடயவியல் வகுப்பின் முதல் நாள் பாடம் இதுவாகவே இருக்க வேண்டும். 2000இல் 'சி.எஸ்.ஐ.' தொடர் வந்ததிலிருந்து, ஒரு மணி நேரத்துக்குள் உண்மையைக் கக்கும் இயந்திரங்களைப் பார்த்தே ஒரு தலைமுறை வளர்ந்திருக்கிறது. மாணவர்கள் அந்த ஆசையோடு வருவதில் குற்றமில்லை. அதே மாயத்தைக் காட்டிச் சேர்க்கை நடத்தும் கல்லூரி எதுவாயினும், அது செய்வது மோசடி. அந்த மோசடியின் விலையைக் கட்டணம் செலுத்தும் பெற்றோரைவிடக் கூண்டில் நிற்கும் நிரபராதியே அதிகம் கொடுப்பான்.

இந்தியாவில் இது இப்போது அவசரமான விஷயம். 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா, ஏழாண்டும் அதற்கு மேலும் தண்டனைக்குரிய குற்றங்களில் தடயவியல் நிபுணர் சம்பவ இடத்துக்கு நேரில் செல்வதைக் கட்டாயமாக்குகிறது. ஐந்தாண்டுக்குள் மாநிலங்கள் இதற்கு ஆயத்தமாக வேண்டும். ஆயிரக்கணக்கான இளைஞர்கள் தேவைப்படுவார்கள். அவர்கள் சொல்லும் ஒரு வரியில் ஒருவன் தூக்குமேடைக்கும் போகலாம். எஃப்.பி.ஐ.யின் தலைமுடி ஆய்வுச் சாட்சியங்களை மறுபரிசீலனை செய்து 2015இல் வெளியான முடிவு இது: குற்றம்சாட்டப்பட்டவருக்கு எதிராகச் சாட்சியம் சொல்லப்பட்ட 268 வழக்குகளில் 257இல் பிழையான கூற்றுகள். நுண்ணோக்கி சரியாகத்தான் இருந்தது. பார்த்ததற்கு மேல் சொன்ன நாக்குதான் பிழை செய்தது.

ஆகவே சீல் வைப்பதையும், சான்றுப் பொருள் யார் கையிலிருந்து யார் கைக்குப் போனது என்று பதிவேட்டில் எழுதுவதையும் சலிக்கச் சலிக்கக் கற்பிக்க வேண்டும். செய்முறைத் தேர்வில் மங்கலான, பாதி அழிந்த ரேகை ஒன்றும் கொடுக்கப்பட வேண்டும். 'இதை வைத்து முடிவுக்கு வர இயலாது' என்று எழுதி, ஏன் என்றும் விளக்கும் மாணவிக்கு முழு மதிப்பெண் கிடைக்க வேண்டும்.